வெறுஞ் சுரைக்குடுக்கை: சாமுவேல் ஜான்சனின் யொருபா வரலாறு

ஆப்பிரிக்கக் குருவானவர் ஒருவர் தம் மக்களின் அரசியல் வரலாற்றைத் தாமே எழுதிய பெருநூல் ஒன்று இருமுறை கைநழுவிப் போய், அதன் பின்னரே அச்சேறியது. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொருபா மக்களின் வரலாற்றை அருள்திரு சாமுவேல் ஜான்சன் 1897-இல் எழுதி முடித்தார். ஒரு பெரிய மிஷனெரி சங்கத்தின் வழியாக 1899-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கையெழுத்துப்படி, பதிப்பகத்தாரிடம் சேர்ந்த பின் காணாமற்போயிற்று. 1901-இல் ஆசிரியர் காலமானார். லாகோஸ் நகரில் மருத்துவராயிருந்த அவருடைய தம்பி ஒபதியா ஜான்சன், அண்ணன் விட்டுச்சென்ற குறிப்புகளையும் பழைய வரைவுகளையும் கொண்டு நூலை மீண்டும் உருவாக்கினார். 1916-இல் அது இங்கிலாந்துக்குச் சென்ற 'அப்பாம்' என்னும் கப்பலை ஜெர்மானியர் நடுக்கடலில் கைப்பற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோயினர். படி மீண்டும் கிடைத்து, நூல் 1921-இல் வெளிவந்தபோது தம்பியும் உயிரோடில்லை.

ஆகவே நாம் கையில் எடுக்கும் நூல் ஒருவர் எழுதி மற்றொருவர் திரும்ப எழுதியது. ஐந்தாகமத்தின் மூல ஆவணங்களைப் பிரித்தறியப் பழகிய இறையியல் மாணவர்களுக்கு இது புதிய சிக்கலன்று. எது அண்ணனின் சொல், எது தம்பியின் சொல் என்று எல்லா இடத்திலும் காட்ட இயலாது. எனினும் நூல் முழுவதிலும் ஒரே மனத்தின் ஓட்டத்தைக் காணலாம். அம்மனத்தையும், அதற்குள் இருக்கும் ஒரு முரண்பாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜான்சன் 1846-இல் சியெரா லியோனில் உள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களின் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ஓயோ அரச மரபைச் சேர்ந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் சர்ச் மிஷனெரி சங்கப் பணிக்காக இபாதான் நகருக்கு வந்தது. அங்கு டேவிட் ஹிண்டரர் ஐயரிடம் கற்று, ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்து, 1880-இல் உதவிக் குருவாகவும் 1888-இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். யொருபா நாட்டை 16 ஆண்டுகள் அலைக்கழித்த கிரிஜி போரில், 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்காக இரு பாசறைகளுக்குமிடையே தூது நடந்தவர்களுள் இவரும் ஒருவர். வரலாற்றை நூலகத்தில் அமர்ந்து எழுதியவரல்லர். அதன் நடுவே நடந்தவர்.

படித்த யொருபாக்காரர் கிரேக்கம், ரோமாபுரி, இங்கிலாந்து ஆகியவற்றின் வரலாற்றை அறிவர், தம் நாட்டின் வரலாற்றை அறியார் என்பது நூலின் முன்னுரையில் அவர் வெளியிடும் மனத்தாங்கல். முதியோர் மறைந்துவர, அவர்களோடு நினைவுகளும் மறைகின்றன என்பதே அவரை எழுதத் தூண்டியது. இம்மனத்தாங்கல் நமக்கு அயலானதன்று. நம் வகுப்பறைகளில் ஆப்பிரிக்கத் திருச்சபை வரலாறு என்றால் மோஃபத்தும் லிவிங்ஸ்டனும் வருவார்கள். அவர்களை வரவேற்ற அல்லது தடுத்த அரசர்கள் பெயரற்றவர்களாய்ப் போய்விடுவார்கள்.

பழங்காலத்துக்கு அவர் கொண்ட சான்று, ஓயோ அரண்மனையில் வழிவழியாக வரலாற்றை ஓதிவந்த அரோக்கின் என்னும் பாணர்கள். அபியோதூன் அரசர் காலத்திலிருந்து பிற்பட்டவற்றுக்கு, கண்ணால் கண்டவர்களும் அந்நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தவர்களும் சான்று. இபாதான் சபையின் மூப்பரான டேவிட் குக்கோமியை அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார். எழுத்தில்லாத மக்களுக்கு வரலாறில்லை என்று ஐரோப்பியப் பேராசிரியர்கள் 1960-களிலும் சொல்லிக்கொண்டிருந்தனர். வாய்மொழி மரபைச் சான்றாகக் கொள்ளும் முறையை ஒரு சபைக்குரு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓசையின்றிக் கையாண்டுவிட்டார். நற்செய்தி நூல்களுக்குப் பின்னாலும் வாய்மொழி மரபே நிற்கிறது என்பதை நாள்தோறும் கற்பிக்கும் நாம் இதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். ஆட்சிமுறையைப் பற்றிய இயலின் தொடக்கத்திலேயே, யொருபா அரசு வரம்பற்ற முடியாட்சி என்றும், அரசர் தெய்வங்களைவிட அஞ்சப்படுகிறவர் என்றும் ஜான்சன் வரையறுக்கிறார். இவ்வரையறையைப் படித்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டுகிறவர் திகைப்பார். ஏனெனில் அடுத்து வருவன யாவும் அதற்கு எதிரான சான்றுகள். அலாஃபின் எனப்படும் அரசரைச் சூழ ஓயோ மேசி என்னும் எழுவர் மன்றம் இருக்கிறது. பாஷோருன் அதன் தலைவர். இவர்கள் நாட்டு மக்களின் குரல் என்று ஜான்சனே கூறுகிறார். பதவி குடும்பவழிப்பட்டது; குடும்பத்தில் எவர் என்பதை அரசர் தெரிந்துகொள்ளலாம், ஆனால் பதவியைக் குடும்பத்தைவிட்டு அகற்ற முடியாது. முக்கியமான எந்தக் காரியத்திலும் அரசர் இவர்களைக் கலந்தே ஆகவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் ஓருன் சடங்கில் பாஷோருன் கோலாக் கொட்டைகளை இட்டு, அரசரின் ஆட்சி மேலுலகத்துக்கு இன்னும் ஏற்புடையதா என்று குறி கேட்பார். அரசரோ ஆண்டுக்கு மூன்று விழாக்களில் மட்டுமே பொதுமக்கள்முன் தோன்றுவார். அச்சத்துக்குரியவர் உண்மைதான், ஆனால் அரண்மனைக்குள் அடைக்கப்பட்டவர்.

மன்றம் அவரை மறுத்துவிட்டால், மூடிய வெறுஞ் சுரைக்குடுக்கை ஒன்று அவரிடம் அனுப்பப்படும். அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. அரசர் தாமே உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும்.

நூலில் நெஞ்சை நிறுத்தும் பகுதி இக்குடுக்கையைப் பெற்ற அவோலே அரசரின் கதை. காலம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. அவோலே அரசராகுமுன் அப்போமு என்னும் சந்தை ஊருக்கு வணிகத்துக்காகச் சென்று, அங்கே தம் நண்பன் ஒருவனையே அடிமையாக விற்றுவிட்டார். ஓயோ, இஃபே, ஓவு, இஜேபு மக்கள் கூடும் அச்சந்தையில் ஓயோ மக்களைக் கடத்தி விற்பதைத் தடுக்குமாறு அப்போதைய அரசர் கட்டளையிட்டிருந்தார். அக்கட்டளையை நிறைவேற்றிய ஊர்த்தலைவர், குற்றவாளி இளவரசன் என்று பாராமல் கசையடி கொடுத்தார். ஆண்டுகள் சென்றன. அவோலே அரியணை ஏறினார். புதிய அரசரின் முதல் போர் அவருடைய பகைவர் எவரோ அவர்மேல் என்பது வழக்கம். உம்முடைய பகைவர் யார் என்று கேட்டபோது அவர் சொன்னது அப்போமு ஊர்த்தலைவரின் பெயர்.

இச்சிறிய செய்திக்குள் ஓர் அரசியல் சட்டமே அடங்கியிருக்கிறது. அப்போமு இஃபேயின் எல்லைக்குட்பட்டது. இஃபே யொருபா அரசமரபுகள் அனைத்துக்கும் தாயகம். அதன்மேல் படையெடுப்பதில்லை என்பது ஓயோ அரசர் பதவியேற்கும்போது செய்யும் ஆணை. ஆக, தம்மைத் தண்டித்த நேர்மையான அலுவலரைப் பழிவாங்க, தாம் செய்த ஆணையையே மீறத் துணிந்தார் அரசர். ஊர்த்தலைவர் இஃபே மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார். தம்மால் ஊர் அழியக்கூடாது என்று கருதித் தம் உயிரைத் தாமே மாய்த்து, தலையை அரசருக்கு அனுப்பச் செய்தார். நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆகாபின் பேராசை அவோலேயிடம் இல்லை. பழைய கசையடியின் தழும்பே அவரை ஆட்டுவித்தது. இவ்வகையில் இவர் ஆகாபைவிட நமக்கு நெருங்கியவர்.

பின்னர் வேறொரு முற்றுகைக்கு அனுப்பப்பட்ட படை அரசருக்கெதிராகக் கலகம் செய்தது. சுரைக்குடுக்கை வந்தது. அவோலே வழக்கத்துக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் சாகுமுன் அரண்மனை முற்றத்தில் நின்று வடக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் அம்பெய்து, அவ்வம்புகள் சென்ற திசையெல்லாம் தம் மக்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்படுவர் என்று சபித்தார். கையிலிருந்த மட்கலத்தைத் தரையில் அடித்து உடைத்தார். உடைந்த சுரைக்குடுக்கையைத் தைத்துச் சேர்க்கலாம், உடைந்த மட்கலத்தைச் சேர்க்க முடியாது, தம் சொல்லும் அப்படியே என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். பின் நஞ்சுண்டார்.

அதன் பின் நிகழ்ந்தவை அறியப்பட்டவை. படைத்தலைவர் அஃபோன்ஜா இலோரினில் தனித்து நின்றார்; அவருக்குத் துணைவந்த ஃபுலானியர் அவரையே அழித்து அங்கே இஸ்லாமிய ஆட்சியை நிறுவினர்; 1830-களில் பழைய ஓயோ நகரமே கைவிடப்பட்டது. 1821-இல் இச்சிதைவின் ஒரு தாக்குதலில் ஒசோகுன் என்னும் ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட சிறுவன்தான் பின்னாளில் பேராயர் சாமுவேல் அஜாயி குரௌதர் ஆனார். ஜான்சனின் குடும்பம் சியெரா லியோனுக்குச் சென்றதும் அம்புகள் சென்ற அதே வழியில்தான். தம் சொந்தப் பிறப்பின் காரணத்தையே ஆசிரியர் இங்கு எழுதுகிறார்; ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அரசரைக் கட்டுப்படுத்திய மன்றம் எப்போதும் நேர்மையாயிருந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. அவோலேக்கு ஒரு தலைமுறைக்கு முன், 1754 முதல் 1774 வரை, காஹா என்னும் பாஷோருன் மறுக்கும் உரிமையைத் தம் குடும்பத்தின் ஆயுதமாக்கிக்கொண்டார்; ஐந்து அரசர்களை ஏற்றி நால்வரை மாய்த்தார்; அவருடைய புதல்வர்கள் மாகாணங்களைச் சூறையாடினர். இறுதியில் அபியோதூன் அரசர் படைத்தலைவரின் துணையோடு அவரை வீழ்த்தினார். ஜான்சன் இதை மறைக்காமல் எழுதுகிறார். நரபலியையும் அடிமை வேட்டையையும்கூட அவர் மறைக்கவில்லை. முன்னோரின் ஆட்சியைப் போற்றும் நூல்களில் இந்நேர்மை அரிது.

நூலின் வலுக்குறைந்த பகுதி தொடக்கத்தில் உள்ளது. யொருபா மக்களின் தோற்றத்தை ஆராயும்போது, அவர்கள் மெக்காவிலிருந்து வந்தவர் என்ற மரபை ஜான்சன் தக்க காரணங்களோடு மறுக்கிறார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் மேல் எகிப்து அல்லது நூபியாவிலிருந்து வந்தவர்கள், அங்கே கோப்துக் கிறிஸ்தவத்தை ஓரளவு அறிந்திருந்தவர்கள் என்று மேலும் செல்கிறார். இஃபேயில் போற்றப்பட்ட ஒரு பழம்பொருளைக் குர்ஆன் என்றவர்களை மறுத்து, அது திருமறைச் சுருளாய் இருந்திருக்கும் என்கிறார். தன் ஊரைக் காக்க மகனையே பலியாகக் கொடுத்த மொரேமியின் கதையில் கன்னி மரியாளின் மங்கிய நினைவைக் காண்கிறார்.

இதன் நோக்கம் தூயது. தம் மக்கள் சுவிசேஷத்துக்கு அந்நியரல்லர் என்று காட்ட அவர் விழைந்தார். ஆனால் விளைவு நன்றன்று. மேன்மை எதுவாயினும் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது, ஆப்பிரிக்கரைத் தாழ்த்திய ஐரோப்பியரின் எடுகோள். இஃபேயின் அழகிய சிலைகளை 1910-இல் கண்ட ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ரோபேனியுஸ், அவை தொலைந்துபோன அட்லாண்டிஸ் நாட்டின் எச்சங்கள் என்றார். 1938-இல் அங்கேயே வார்ப்புத் தலைகள் பல கிடைத்தன. அவை ஏறத்தாழ 12 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இஃபே மக்களே செய்தவை என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. ஜான்சனின் முதல் இயலும் ஃப்ரோபேனியுஸின் கற்பனையும் நோக்கத்தால் பகையாளிகள், முறையால் உறவினர். ஒரு மக்களினத்தின் மாண்புக்கு வேதாகம வம்சவரலாறு தேவையில்லை என்று சொல்லும் துணிவு அக்காலக் குருவானவருக்கு வரவில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்வது எளிது. நாம் அதைக் கடந்துவிட்டோமா என்பது வேறு வினா.

மற்றொரு குறை, ஓயோவையே அவர் யொருபாவின் அளவுகோலாகக் கொண்டது. எகிதி, இஜேஷா, இஜேபு மக்களின் தன்னாட்சி மரபுகள் அவர் நூலில் பெரும்பாலும் ஓயோவின் எல்லைப்புறக் கதைகளாகவே வருகின்றன. ஆனால் அவர் அறிந்தும் அறியாமலும் ஒரு மாற்றுச் சான்றை நிறையத் தந்திருக்கிறார். அது அவர் வளர்ந்த இபாதான். 1829-ஐ ஒட்டிப் போர்ப்பாசறையாகத் தொடங்கிய இந்நகருக்கு முடிசூடிய அரசர் இல்லை. குடிமைத் தலைவர் வரிசை ஒன்று, படைத்தலைவர் வரிசை ஒன்று. படிப்படியாக மேலேறி வருபவரே தலைவர். மகன் என்பதால் எவரும் தந்தையின் பட்டத்தைப் பெறுவதில்லை. பெண்களின் தலைவியான இயலோதே தமக்குக்கீழ் பெண் அதிகாரிகளைக் கொண்டு ஆட்சிமன்றத்தில் இடம்பெற்றார். பெருஞ்செல்வம் படைத்த இயலோதே எஃபுன்செத்தான், தலைவர் லத்தோசாவின் பகையால் 1874-இல் பதவியிழந்து கொலையுண்டதை ஜான்சன் விரிவாகத் தருகிறார். அந்நகரின் ஆட்சி கடுமையானது, போரால் உண்டு வளர்ந்தது. ஆனாலும் பிறப்பைவிட ஆற்றலை மதித்தது. இதற்கு ஒரு பெயரிட ஜான்சனிடம் சொல் இல்லை. ஆங்கிலப் பள்ளிநூல்கள் அவருக்குத் தந்த சொற்கள் முடியாட்சியும் அதன் குறைபாடுகளும் மட்டுமே. ஓயோவை வரம்பற்ற முடியாட்சி என்று அழைக்கவைத்ததும் இச்சொற்பஞ்சமே என்று கருதுகிறேன். கதைகள் அரோக்கின்களுடையவை, வரையறை மட்டும் இரவல்.

நூல் எழுதப்பட்ட ஆண்டுகளை நினைவிற்கொண்டு படிக்கும்போது இதன் கனம் கூடுகிறது. சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென், சபைகள் தம்மைத் தாமே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வேண்டும் என்று வகுத்தவர். அக்கொள்கையின் முதற்கனியாகக் குரௌதர் 1864-இல் பேராயரானார். வென் மறைந்தபின் காற்று மாறியது. 1890-இல் நைஜர் பணிக்களத்துக்கு வந்த இளம் ஐரோப்பிய மிஷனெரிகள், முதிய பேராயரின் கண்முன்னே அவருடைய ஆப்பிரிக்க ஊழியர் பலரை நீக்கினர். 1891 டிசம்பர் 31-இல் அவர் மறைந்தார். அவரிடத்துக்கு ஓர் ஆங்கிலேயர் அனுப்பப்பட்டார், ஆப்பிரிக்கர் இருவர் துணைப் பேராயர்களாயினர். இதே சங்கத்தின் மற்றொரு பெரிய பணிக்களம் திருநெல்வேலி. அம்மண்ணின் மைந்தரான வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றது 1912-இல். குரௌதருக்கும் அவருக்குமிடையே 48 ஆண்டுகள்.

ஜான்சன் இந்நூலில் திருச்சபைத் தன்னாட்சிக்காக வாதாட வரவில்லை; அவருடைய பொருள் அதுவன்று. ஆயினும் ஆப்பிரிக்கருக்கு ஆளத் தெரியாது என்ற முடிவு சங்கத்தின் அறைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதே சங்கத்தின் குருவானவர் ஒருவர் ஓயோவில் அமர்ந்து, அரசரையும் கணக்குக் கேட்ட ஓர் ஆட்சிமுறையைப் பதவி பதவியாக, சடங்கு சடங்காகப் பதிந்துகொண்டிருந்தார். உபாகமம் 17-ஆம் அதிகாரம் அரசனைச் சட்டத்தின்கீழ் நிறுத்துகிறது. 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரம் அரசனைக் கேட்பதன் விலையைச் சொல்கிறது. இவ்விரண்டையும் மனப்பாடமாய் அறிந்த ஒருவர் எழுதிய நூல் இது என்பதை மறவாமல் படிக்க வேண்டும். 2000-இல் வெளியான ஜே. டி. ஒய். பீலின் ஆய்வு, யொருபா என்னும் பொது அடையாளம் உருவானதிலேயே இத்தகைய சபை ஊழியர்களின் நாட்குறிப்புகளுக்கும் எழுத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்று காட்டியிருக்கிறது.

இருந்தும் தம் சான்றுகளின் பாடத்தை ஜான்சன் இறுதியில் கைவிட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நூலின் முடிவில் அவர் வெளியிடும் வேண்டுதல், சமாதானம் நிலவவேண்டும், கிறிஸ்தவம் நாட்டின் தலையாய சமயமாகவேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அபியோதூனின் காலத்தைப்போல் நைஜர் ஆறு முதல் கடற்கரை வரை சிதறிய பகுதிகளெல்லாம் மீண்டும் ஒரே தலையின்கீழ் இணையவேண்டும் என்றும் அவர் விரும்புகிறார். போரில் வெந்த தலைமுறையின் ஏக்கம் அது, புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் அவர் காட்டியது, ஒரே தலையால் அந்நாடு வாழவில்லை, அத்தலைக்குச் சுரைக்குடுக்கை அனுப்பக்கூடிய கைகள் இருந்தமையால் வாழ்ந்தது என்பதைத்தானே?

அவர் வேண்டியது வேறொருவர் கையால் நிறைவேறியது. பிரிட்டிஷார் 1895-இல் ஓயோவைப் பீரங்கியால் தாக்கினர். பின்னர் அதே ஓயோவின் அரசரைத் தங்கள் மறைமுக ஆட்சியின் தூணாக்கினர். 1911 முதல் 1944 வரை அலாஃபினாயிருந்த லதிக்போலுவின்கீழ், கேப்டன் ராஸ் என்னும் அதிகாரியின் ஆதரவோடு, ஒருபோதும் ஓயோவுக்கு அப்படி அடங்கியிராத ஊர்களும் அடக்கப்பட்டன. ஓயோ மேசி பெயரளவில் இருந்தது. அரசரை மறுக்கும் அதன் உரிமை போயிற்று. மறுப்பவர் இல்லாத அலாஃபினை யொருபா மக்கள் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். ஜான்சனின் வரையறையில் மட்டும் இருந்த வரம்பற்ற முடியாட்சியை, அவர் இறந்தபின் அந்நிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1916-இல் ஓகேஹோவிலும் இசெயினிலும் மக்கள் இதற்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கையெழுத்துப்படி நடுக்கடலில் பிடிபட்டதும் அதே ஆண்டில்தான். முடிசூடாத நகராகிய இபாதான் அடங்க மறுத்து, நெடுநாள் வழக்காடி, 1934-இல் ஓயோவின் மேலாட்சியிலிருந்து விடுபட்டது.